ரெண்டு சாண் உயர வண்டி

என் அக்காவுக்கும் அந்தப் பச்சை பிக்கப்புக்கும் ஒரே அளவு செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்துவிட்டுப் போன மாமாவுக்கு,

அங்கே சௌக்கியமா? இங்கே மலையில் சாமை அறுப்பு முடிந்துவிட்டது. வண்டி ஓடுகிறது மாமா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆலங்காயத்தில் என் ஷெட் வாசலில் ஒரு பழைய ஜீப்பின் முன் ஆக்சிலைக் கொண்டுவந்து இறக்கினீர்களே, நினைவிருக்கிறதா? உங்கள் பிக்கப்பில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். தார் ரோட்டுக்கு அது சொகுசு. உங்கள் கொல்லைக்காட்டுக்குப் போகும் பாறை வழியில் மாதத்துக்கு ஒரு தடவை எதையாவது முறித்துக்கொண்டு வந்து நிற்பீர்கள்.

"ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புல கோத்துடு மச்சான். ஆனா வண்டி ஒசரக் கூடாது."

"முழு ஆக்சில் போட்டா ஒசரந்தான் மாமா செய்யும். இஞ்சினுக்கு அடியில அது ஆட எடம் வோணாமா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? நீதானே மெக்கானிக்கு."

இப்படி ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டு, பத்து நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்காக உங்கள் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இடுப்பு முறிந்து கூடிய பிறகு அக்காவுக்குக் கால் ஒரு அளவுக்கு மேல் தூக்க வராது. அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு நடந்தது தெரியாது. பஸ்ஸிலும் அடுத்தவர் ஜீப்பிலும் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். நல்ல மனசோடுதான். போளூரில் ஒருத்தன், "நீ சும்மா இரும்மா, மூட்டையோட மூட்டையா ஏத்திடறோம்" என்று சிரித்திருக்கிறான். அன்றோடு அவள் மலையை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

"இன்னாத்துக்குடா வரணும்? எல்லாந்தான் வூட்லயே கீதே" என்றாள். உங்கள் பெண்டாட்டியின் வீம்பை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அதனால்தான் அந்த வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றினேன். டாஷ்போர்டில் உங்கள் நோட்டு கிடந்தது. கோழிக்காலால் கிறுக்கியது போன்ற உங்கள் எழுத்தில், 'ஏறும் படி ரெண்டு சாண். அதுக்கு மேல போவக் கூடாது' என்று இருந்தது. டேப் என்ற ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாதா மாமா?

எனக்குச் சுலபமான வழியில் செய்தேன். ஆக்சிலுக்கு மேலே பட்டை ஸ்பிரிங்கை உட்கார வைத்துக் கட்டினேன். ஆக்சில் கீழே போனது, வண்டி மேலே போனது. ஏறும் படியைக் கையால் அளந்தேன். சரியாக இரண்டு சாண். மீசையை முறுக்கிக்கொண்டு மலைக்கு ஓட்டிப் போனேன். பாறையில் ஒரு சக்கரம் ஏறினால் மற்றது தரையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. ஆசையாக இருந்தது.

அக்கா வந்து படியில் காலை வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். நான் தூக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன்.

"மாமா எழுதி வெச்ச அளவுதாங்க்கா. ரெண்டு சாண்."

"யாரு கைல அளந்த?"

"என் கைலதான்."

அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்பேனர் பிடித்துப் பிடித்து முறம் போல் விரிந்த கை. "அடப் பாவி. அவரு எங் கையப் புடிச்சிதான்டா அந்தப் படில வெச்சி வெச்சி அளந்தாரு. அது எஞ் சாணு."

சொல்லிவிட்டு அழுதாள். உங்களுக்காக அவள் சத்தமாக அழுது நான் பார்த்தது அப்போதுதான். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை வருஷம் அவளைக் கட்டிக்கொண்டு, அவள் கால் எவ்வளவு எழும் என்பதை அவள் கையாலேயே அளந்து வைத்திருந்த மனுஷனை நான் வெறும் வாயாடி என்று நினைத்திருந்தேனே!

என் இரண்டு சாணுக்கும் அவள் இரண்டு சாணுக்கும் நாலு அங்குலம் வித்தியாசம். எல்லாவற்றையும் கழற்றினேன். இந்தத் தடவை பட்டையை ஆக்சிலுக்கு அடியில் கட்டினேன். வண்டி இறங்கியது. ஆனால் இஞ்சின் ஆயில் தொட்டி ஆக்சிலில் பல்சக்கரப் பெட்டி வீங்கியிருக்கும் பக்கத்தில் இடித்தது. வாணியம்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்ம பாய் அதைப் பார்த்துவிட்டு, "உங்க மாமா போயும் வேலை வாங்குறாருப்பா" என்றார். தொட்டியை அந்தப் பக்கம் வெட்டி, இந்தப் பக்கம் வயிறு வைத்து ஒட்டிக் கொடுத்தார். ஆக்சிலை இரண்டு விரல் முன்னே தள்ளினேன். பள்ளத்தில் விழுந்தாலும் மோதாமல் இருக்க ரப்பர் கட்டை வைத்தேன். மூன்று வாரம் ஷெட்டில் வேறு வண்டியே தொடவில்லை.

போன வியாழக்கிழமை மறுபடி உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அக்கா முதலில் குனிந்து சாண் போட்டுப் பார்த்தாள், என்னை நம்பாமல். பிறகு காலைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"கைய எடுறா."

ஏறிவிட்டாள் மாமா. உட்கார்ந்தாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள். "எங்கக்கா போவணும்?" என்று கேட்டேன். "இரு, இன்னொரு தபா ஏறிக்கிறேன்" என்றாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தோம். அடுத்த வாரம் போளூருக்குப் போகவேண்டுமாம். அந்த மூட்டைக்காரனிடம் ஏதோ பேச வேண்டியிருக்கிறதாம். அவனை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் ஏறும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

உங்கள் சின்ன மச்சான்,
ஆலங்காயம் ஷெட்டிலிருந்து