புறாக்கூட்டுக் கதவு

பெப்ரவரி 10, திங்கள்

காலையிலேயே வெயில். அண்ணாவை ஆஸ்பத்திரியில் விட்டு வந்தாயிற்று. ஹேர்னியா ஒப்பரேஷன் நாளை. கொண்டுபோக மறந்தவை: செருப்பு, பிளாஸ்க், கண்ணாடிக் கூடு.

கட்டிலில் படுத்துக்கொண்டும் புறாக் கதைதான். நோய் இவருக்கா புறாவுக்கா என்று நர்ஸுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

“காலமை பயறும் சோளமும் போடு. தண்ணி மாத்து. பின் பெட்டியில சாம்பல் பெட்டை இருக்குது, அந்தப் பக்கம் கை வைக்காத. கதவை மட்டும் திறந்துபோடாத வசந்தி.”

“எத்தினை தரம் அண்ணா சொல்லுவீங்கள்?”

“நீ கேக்கிற வரைக்கும்.”

கொட்டாஞ்சேனை வீட்டை விற்று அவரை என்னுடைய வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்து இரண்டு மாதம் இருக்கும். கூரை ஒழுகுகிற, சுவர் வெடித்த வீடு. அதற்குள் ஒற்றை ஆள். விற்போம், விற்போம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். அவர் கேட்டது ஒன்றுதான்: புறாக்களும் வரும். மொட்டைமாடியில் கம்பிவலைக் கூடு அடிக்க ஃபிளாட் கமிட்டியோடு நான்தான் சண்டை பிடித்தேன். அன்றிலிருந்து புறாக்கள் உள்ளேதான். வளர்ந்த புறாவை வெளியே விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுமாம். இங்கே பொரித்துப் பறக்கிற குஞ்சுகள்தான் இங்கே நிற்குமாம். அதுவரை பெரியதுகளுக்குச் சிறை.

நாளைக்கு நான் வேலை செய்கிற பாமசிக்கு அரை நாள் லீவு. மறக்காமல் மனேஜருக்குச் சொல்ல.

பெப். 12, புதன்

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நேற்று மாலை கஞ்சி குடித்தார். கடவுளே, நன்றி.

காலையில் மாடிக்குப் போனேன். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கின்றன. வடக்குப் பக்கம், கொட்டாஞ்சேனை இருக்கிற பக்கம். பின்னேரங்களில் அண்ணா கதிரை போடுவதும் அந்த மூலையில்தான். இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது. அதைப் பார்க்க இவர்களில் ஒருவருக்கும் கண் இல்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. நானும் அதே வீட்டில் பிறந்தவள்தானே? கலியாணம் முடித்து இங்கே வந்து பழகவில்லையா? முதல் மாதம் ரயில் சத்தத்தில் நித்திரை இல்லை. இப்போது ரயில் ஓடாத நாளில்தான் நித்திரை இல்லை. ஒருக்கால் வெளியே பறந்து, ஊரைச் சுற்றிப் பார்த்து, பசித்ததும் திரும்பி வந்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். அண்ணா வரும்போது மாடியைச் சுற்றி அவருடைய புறாக்கள் பறந்தால் எப்படியிருக்கும் என்றும் நினைத்தேன்.

கதவைத் திறந்தேன்.

முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று. பிறகு எல்லாம் ஒரேயடியாக. சாம்பல் பெட்டை மட்டும் வாசல் வரை வருவதும் பின் பெட்டிக்குத் திரும்பி ஓடுவதுமாக நின்றது. பயப்படுகிறதாக்கும் என்று இரண்டு கையாலும் பிடித்து வெளியே விட்டேன். “நீயும் போய்ப் பாரன்” என்று சொல்லி வேறு விட்டேன்.

கூட்டமாக மூன்று நாலு வட்டம் அடித்தன. வடிவு, அப்படி ஒரு வடிவு. போனை எடுத்து வீடியோ பிடித்தேன், அண்ணாவுக்குக் காட்ட.

நாலைந்தாவது வட்டம் முடியவில்லை. நேரே வடக்கே போய்விட்டன.

பின்னேரம். வரவில்லை. பயறு, சோளம், தண்ணீர், எல்லாம் வாசலில் வைத்திருக்கிறேன். காகம் தின்கிறது.

பெப். 13, வியாழன்

வரவில்லை. ஃபிளாட் வாச்சர் மேலே வந்து வெறும் கூட்டைப் பார்த்தான். “பரவியோ ஒக்கொம கியாத, நோனா?” ஓம், எல்லாம் போய்விட்டன. அவனுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் கூட்டுக்குள்ளிருந்து ‘கீச் கீச்’ என்று சத்தம். பின் பெட்டி. இரண்டு குஞ்சுகள். மஞ்சள் மயிர், தலையைவிடப் பெரிய சொண்டு. உடம்பு ஜில்லென்று கிடந்தது.

கை வைக்காத என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு எங்கே இருக்கிறது?

பாமசியிலிருந்து சிரிஞ்சு, ஊறப்போட்ட பயறு, வெந்நீர். துணி சுற்றி மேசை விளக்குக்குக் கீழே வைத்தேன். ஒன்று விழுங்குகிறது. மற்றது வாயே திறக்கவில்லை.

பெப். 14, வெள்ளி

மற்றது விடிய முன்னமே செத்துவிட்டது. கீழே செவ்வரத்தை மரத்தடியில் புதைத்தேன்.

ஆஸ்பத்திரியில்:

“புறாக்கள் எப்பிடி?”

“நல்லா இருக்குதுகள்.”

“குஞ்சுகளுக்கு முள்ளு இறகு வந்திட்டுதோ?”

“வந்திட்டுது.”

“தாய் நல்லா ஊட்டுறாளோ? அவள் அந்த விஷயத்தில கெட்டிக்காரி.”

“ஓம் அண்ணா.”

தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாகத் தின்றார். எனக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

பெப். 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அண்ணாவை வீட்டுக்கு விட்டார்கள். ஓட்டோ மெதுவாகத்தான் வந்தது. சொல்ல நேரம் இருந்தது. பம்பலப்பிட்டியில் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு ஃபிளாட் வாசலில். கடைசியில் லிஃப்டுக்குள், அவர் எங்கள் மாடி இலக்கத்தை விட்டு மேல் இலக்கத்தை அமத்தினபோது சொன்னேன்.

“கதவைத் திறந்திட்டன் அண்ணா. எல்லாம் போயிட்டுது.”

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நானும் ஏசலாம் என்றும் நினைத்தேன் போல.

“எந்தப் பக்கம் போச்சுதுகள்?”

“வடக்கே.”

“வட்டம் அடிச்சதுகளோ முதல்?”

“நாலைஞ்சு தரம்.”

“அப்ப வழி பிடிச்சிட்டுதுகள்” என்றார். சந்தோஷப்படுகிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடியோவைக் காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

பிறகு சாம்பல் பெட்டை. நான் கையால் பிடித்து வெளியே விட்டதையும் ஒரு குஞ்சு செத்ததையும் சொன்னேன். அவர் மிஞ்சின குஞ்சைத் தூக்கி, வயிற்றைத் தடவிப் பார்த்து, “பயறு கூடிப் போச்சு. கொஞ்சம் குறை” என்றார். அவ்வளவுதான்.

பெப். 23, ஞாயிறு

கொட்டாஞ்சேனை. டொக்டர் வேண்டாம் என்றார், அண்ணா ஓம் என்றார், போனோம்.

எங்கள் வீடு இருந்த இடத்தைச் சுற்றித் தகரம். ஓட்டையால் பார்த்தால் வீட்டை இடித்துத் தோண்டின பெரிய கிடங்கு, அடியில் பச்சைத் தண்ணீர். நான் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான். நேரில் பார்த்தது இன்றைக்குத்தான்.

முன்பக்கம் நவ்ஃபல் நானாவின் பலசரக்குக் கடை. அண்ணாவின் கூட்டாளி. கடைக் கூரை முழுக்க எங்கள் புறாக்கள். அண்ணா விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். வயிற்றில் தையல் இருக்கிற மனுஷன். அவ்வளவும் இறங்கி அவர் காலடிக்கு வந்தன. ரோட்டில் போன பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“ஊடு இல்லாட்டியும் வந்தீக்கிது பாருங்க தங்கச்சி” என்றார் நவ்ஃபல் நானா. “மொத நாள் அந்தக் கெடங்குக்கு மேல சுத்தி சுத்திப் பறந்திச்சி. எறங்க எடமில்ல. எனக்கே ஒரு மாதிரியா போச்சி. நான்தான் அரிசி போட்டேன்.”

சாம்பல் பெட்டையைக் காணவில்லை. அண்ணா தேடுகிறார் என்று தெரிந்தது. கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“அந்தச் சாம்பலா? அது மட்டும் நிக்கல்ல. ஒரு ராத்திரி இங்க தங்கிச்சி. சுபஹுக்கு, விடியிற நேரம், கெளம்பிப் போச்சி, தனியா.” கையை நீட்டிக் காட்டினார். தெற்கே. எங்கள் பக்கம்.

ஓட்டோவில் திரும்பும்போதுதான் அண்ணா வாய் திறந்தார். “குஞ்சு இஞ்ச எல்லோ. வரத்தான் வெளிக்கிட்டிருக்கும். வெள்ளவத்தையை மேல நிண்டு அது அந்த ஒரு நாள்தானே பாத்தது. எந்தக் கூரை எண்டு தெரிஞ்சிராது.”

இந்த வார்த்தையை எழுதிவிட்டு விளக்கை அணைக்கலாம் என்றிருந்தேன். அணைக்க மனமில்லை. இத்தனை கட்டடத்துக்கு நடுவே எங்கே இறங்கிப் பார்த்ததோ. காலையில் எழுந்து பக்கத்துக் கூரைகளைப் பார்க்கவேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

புழுக்கம். குஞ்சு பறந்துவிட்டது. மாடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தாங்கி வரை, அங்கிருந்து திரும்பி என் தலையில். அண்ணா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “இவன் வெள்ளவத்தையான். உன்ர ஆள்.”

கூரை கூரையாகப் பார்ப்பது இன்னும் விடவில்லை. சாம்பல் நிறத்தில் எத்தனை புறா இந்த ஊரில்!

வாங்க: சவர்க்காரம், அண்ணாவின் பிறஷர் குளிசை, சோளம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணா வெள்ளவத்தையானைப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்த் திறந்துவிடுகிறார். முதல் பம்பலப்பிட்டி. இன்றைக்குக் காலிமுகம். நான் மாடியில் நிற்கவேண்டும். வந்ததும் போன் எடுக்கவேண்டும். இன்றும் வந்தது. அண்ணாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக எடுத்துவிட்டார். நவ்ஃபல் நானாவின் கடைக்கு மேலே அறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். வருஷப் பிறப்பு முடிய அங்கே போகப் போகிறாராம்.

“இஞ்ச என்ன குறை உங்களுக்கு? சொல்லுங்கோ. சாப்பாடா? நானா?”

“குறை ஒண்டும் இல்லையடி.”

“பிறகு? அந்தப் புறாவுக்காகக் கோபமோ?”

“சீ. அங்க எண்டா எனக்கு நித்திரை வரும், வசந்தி. அவ்வளவுதான்.”

நானும் விடவில்லை. தையல் ஆறவில்லை, படி ஏற வேண்டும், ஆர் சமைக்கிறது, வெய்யில், நுளம்பு, எல்லாம் அடுக்கினேன். அவர் ரசத்தைக் குடித்து முடித்துக் கோப்பையை அவரே கழுவி வைத்தார். நாலு மாதம் வடக்கு மூலையில் கதிரை போட்டு இருந்த மனுஷன். ஒரு நாளாவது பக்கத்தில் போய் இருந்து, என்ன அண்ணா பார்க்கிறீர்கள் என்று கேட்டேனா? பழகிவிடும், பழகிவிடும் என்று இந்த மனுஷனையும் இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அண்ணா போய்விட்டார். ஒரு சூட்கேஸ், ஒரு மின்விசிறி. நவ்ஃபல் நானாவின் வான் வண்டியில்.

வெள்ளவத்தையானை எனக்கு விட்டுவிட்டுப் போனார். “நான் கொண்டுபோய் வளத்தாலும் நிக்க மாட்டான். இஞ்ச பறந்து பழகினவன். அங்க விட்டா உன்னட்ட வருவான். நீ இஞ்ச விட்டா என்னட்ட வர மாட்டான், விளங்குதோ?”

விளங்குகிறது. அவர் எனக்கு அனுப்பலாம். நான் அவருக்கு அனுப்ப வழியில்லை.

“அப்ப ஒவ்வொரு முறையும் ஆர் அவனை அங்க கொண்டாறது?”

அவர் வண்டியில் ஏறினார்.

மே 25, ஞாயிறு

விடாத மழை. போவதா விடுவதா என்று யோசித்து, பெட்டிக்கு மேல் பொலித்தீன் சுற்றி பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அம்மா “உள்ள என்ன?” என்றாள். கேக் என்றேன். கேக் உள்ளேயிருந்து குறுகுறு என்றது.

நண்டுக் கறியும் கொண்டுபோனேன். அறை துப்புரவாக இருக்கிறது. அண்ணா கொஞ்சம் கொழுத்திருக்கிறார், வெட்கமில்லாமல். புறாக்கள் ஜன்னலால் வந்து கட்டிலில் நடக்கின்றன. பகலில் அவர் ஒரு குட்டி நித்திரை கொண்டதைக் கதிரையில் இருந்து பார்த்தேன். என் வீட்டில் இப்படி ஒரு நாளும் கண்டதில்லை.

மழை ஓய்ந்த இடைவெளியில் வெள்ளவத்தையானைத் திறந்துவிட்டார். வட்டம் ஒன்றே ஒன்று. நேரே தெற்கே.

நான் பஸ்ஸில் திரும்ப, திரும்பவும் மழை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நனைந்து, மூச்சு வாங்கி மாடிக்கு ஏறினால், அவன் கூட்டு வாசலில் இறகு உலர்த்திக்கொண்டு நிற்கிறான். பின் பெட்டிக்குள் போனான். தாய் இருந்த பெட்டி.

போன்.

“வந்திட்டுதோ?”

“ஓம் அண்ணா. எனக்கு முந்தி வந்திட்டுது.”

“கெட்டிக்காரன்.”

நீங்களும் வந்துவிடுங்கோ என்று சொல்லப் பார்த்தேன். அவர் கட்டிலில் வாய் திறந்து நித்திரை கொண்ட முகம் நினைவுக்கு வந்தது.

“அப்ப வாற ஞாயிறும் கொண்டு வா.”

“ஓம்” என்றேன்.