ஒரே ஒரு ‘கூப்பிட்டேன்’

மார்ச் 4, 2002

கனடாவின் கேப் பிரெட்டன் தீவு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பேட்டிகள், ஒலிநாடாவிலிருந்து தட்டச்சு செய்த நாற்பத்தொரு கோப்புகள். பல்கலைக்கழகம் புத்தகமாகப் போடுகிறது. சீர்செய்ய பெர்ல் என்ற கணினி மொழியில் மூன்று துணைநிரல்கள், அதாவது சின்னக் கட்டளைத் தொகுப்புகள், எழுதினேன். ஒன்று ‘ம்ம்’, ‘வந்து’ போன்ற இழுவைகளை நீக்கும். ஒன்று பத்தி பிரிக்கும். மூன்றாவது, அடுத்தடுத்து வரும் ஒரே சொல்லை ஒன்றாக்கும். எழுதியது ஒருமுறைதான், எந்தக் கோப்புக்கும் பெயர் சொல்லி அழைக்கலாம். காபி ஆறுவதற்குள் முடிந்தது.

என் மேலதிகாரி லாக்லின் திரையை எட்டிப் பார்த்தார். “அடேயப்பா, மூணு மாச வேலைம்மா இது!”

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏன் இருப்புக் கொள்ளவில்லை?

மார்ச் 5

பனி. வெறுமனே நடந்தேன்.

மார்ச் 7

எஃபி கூத்ரோ வந்தார். அவர் கணவர் ஆல்ஃபி, பேட்டி கொடுத்த மறுவருஷம் இறந்துவிட்டார். அச்சுக்கு முன் சரிபார்க்க நாங்கள் அனுப்பிய பக்கங்கள் எஃபி கையில். ஈர பூட்ஸோடு நின்றபடியே:

“சுரங்கம் இடிஞ்சப்ப உள்ள மாட்டின தம்பிய கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டேன்னு மூச்சு முட்டச் சொல்லுவாரு. இங்க ஒரே ஒரு கூப்பிட்டேன். அடுத்த வரியிலேயே ‘வெளிய வந்துட்டேன்’னு இருக்கு. தம்பிய விட்டுட்டு ஓடி வந்தவன்னு தம்பி பொண்டாட்டி ஜோன் இருபது வருஷமா பேசறா. இப்ப நீ அதை அச்சடிச்சே குடுக்கப் போற.”

மூன்றாவது துணைநிரல்.

திருத்துவதற்கு முந்தைய மூலக் கோப்பைத் தேடினேன். நிரல் பழைய கோப்பின் மேலேயே எழுதியிருக்கிறது. நகல் — எடுக்கவில்லை. எடுக்கவே இல்லை.

மார்ச் 8

ஒலிநாடா இருக்கிறது. கேட்டேன். “கூப்பிட்டேன்”களை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

லாக்லின்: “அந்த ஒண்ணை மட்டும் திருத்திடு. திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும்.”

“மத்தவங்க?”

“மத்தவங்க யாரும் வந்து சண்டை போடலையே.”

போடவில்லை. பாதிப்பேர் உயிரோடு இல்லை. எவர் எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“எல்லா நாடாவையும் கேக்கப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு? அச்சகக்காரன் என் தோலை உரிச்சிடுவான்.”

“உரிக்கட்டும்.”

வாயில் வந்துவிட்டது. முதல் நாடாவைப் போட்டேன்.

மார்ச் 26

நாடா, நாடா, நாடா. மூன்றாவது துணைநிரலை அழைக்கும் வரியை நீக்கிவிட்டேன். நகலெடுக்க ஒரு துணைநிரல், எல்லாவற்றுக்கும் முன்னால். லாக்லின் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜூன் 14

புத்தகம் வந்து இரண்டு வாரம்; ஆல்ஃபியின் ‘கூப்பிட்டேன்’கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. கடையில் எஃபி உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஜோன் போன் பண்ணா.”

“புத்தகத்தைப் பத்தியா?”

“அதைப் பத்தி மூச்சு விடலை. சாயங்காலம் பிங்கோ ஆட்டத்துக்கு வரியா, வண்டியில ஏத்திக்கறேன்னா.”

“போறீங்களா?”

“உதட்டுச்சாயம் பூசியிருக்கேனே, கண்ணு தெரியலையா உனக்கு?”