உன் அப்பாவின் குடலுக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைந்த கூட்டம்

அன்பு மகள் வாலுவுக்கு உன் சித்தப்பன் எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம், ஒரே ஒரு குடலைத் தவிர. அந்தக் குடலும் முந்தாநாளிலிருந்து சௌக்கியம், ஆகையால் இதைப் படித்துவிட்டு விமானத்துக்கு எவ்வளவு என்று பார்க்க உட்காராதே. அங்கே நீயும் உன் குடலும் உன் புதுக் கோட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோட்டு என்ற சொல்லை மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், உன் அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். "அப்பா ரெண்டு மாசமா போனுக்கு வரல, கோபமா, இல்ல உடம்புக்கு ஏதோ ஆகி எல்லாரும் மறைக்கிறீங்களா, உண்மைய மட்டும் சொல்லுங்க சித்தப்பா" என்று கேட்டிருந்தாய். உண்மையை மட்டும் சொல்லச் சொல்லி இந்தக் குடும்பத்தில் என்னைத் தேடிப் பிடித்தாய் பார், நீ படித்த படிப்பெல்லாம் அங்கேதான் தெரிகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டாய். முப்பது வருஷமாக சினிமா கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கும் என் வலது கையின் மீது ஆணையாகச் சொல்கிறேன், இனி வரப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எழுதி முடித்துப் படித்தால் நானே நம்பமாட்டேன்.

முதலில் கோபம். அதை மறைப்பானேன், கோபம்தான். தையல்காரர் மகள், பிறந்ததிலிருந்து அப்பன் தைத்ததைத் தவிர வேறொன்றைத் தோளில் போடாதவள், அந்த ஊர்க் குளிருக்குக் கடையில் தொங்கிய கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு சிரித்தபடி படமும் எடுத்து அனுப்பினாய். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உன் முகத்தை அல்ல, தோள்பட்டைத் தையலை. "தோள் எங்க இருக்கு, தையல் எங்க இருக்கு, நடுவுல ஒரு பஸ்ஸே போகும்போல" என்றார். அன்றிலிருந்து உன் போன் வந்தால் மெஷினை அப்படி மிதிக்கிறார், தெருவில் ரயில் போவதாக நினைத்து ஆட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். கோபம் வந்தால் அவருக்கு நெஞ்செரிச்சல் வரும், நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை. ஒன்று இரண்டல்ல, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெப்பர்மின்ட் மாதிரி சப்பினார். எதிர்க்கடைக்காரர் ஒருநாள் மிட்டாய் என்று நினைத்து ஒன்று கேட்டார், இவரும் கொடுத்தார், என்ன மனிதர்கள் என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவில் பள்ளிக்கூடச் சீருடை சீசன். கடையில் மலைபோல் குவிந்த நீலத்துணிக்குள் உன் அப்பாவைத் தேட வேண்டுமென்றால் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்கு முன்னால் தொட முடியவில்லை. அதற்காக ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்த்தினார். டிபன் டப்பாவை இஸ்திரி மேசையில், பெட்டி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். சாயங்காலம் வரைக்கும் இளஞ்சூடாக இருக்குமாம். டப்பாவில் என்ன, முட்டை. அதுவும் மஞ்சள் கரு வழிய வேண்டும், முழுசாக வெந்துவிட்டால் அவருக்கு ரப்பர் பந்து. அண்ணி சொல்லிப் பார்த்தாள், "அது சாப்பாட்ட சூடா வைக்கல, கிருமிக்கு அடை வைக்குது" என்று. "தையல் தெரியாதவங்க இஸ்திரி மேசையப் பத்திப் பேசக்கூடாது" என்று இவர் சொல்லிவிட்டார். ஒருநாள் காலையில் அந்த முட்டைக்குள் பத்துப் பதினைந்து கிருமி இருந்திருக்கும், பாவம், குளிருக்கு ஒதுங்கிய ஏழைக் குடும்பம். இஸ்திரிப் பெட்டியின் கதகதப்பில் மத்தியானத்துக்குள் பேரன் பேத்தி எடுத்து, மூன்று மணிக்குத் தேர்தல் வைத்து, நாலு மணிக்கு ஒரு பிரதம மந்திரியோடு உன் அப்பாவின் வாய்க்குள் இறங்கினார்கள்.

இனிமேல்தான் என் தொழில் வருகிறது, கவனமாகப் படி. வயிற்றுக்குள் முதல் ஆள் அமிலம். டிக்கெட் கவுண்டர் வரிசையில் லத்தியோடு நிற்கும் போலீஸ்காரர் மாதிரி, முக்கால்வாசிக் கிருமியை அங்கேயே முடித்துவிடும். ஆனால் அன்றைக்கு உன் அப்பா சப்பிய மாத்திரையில் அந்தப் போலீஸ்காரர் நாற்காலியில் குறட்டை. கூட்டம் தாண்டி வந்தது. அடுத்து குடலின் உள்பக்கம் முழுக்க வழுவழுவென்று ஒரு சளிப்பூச்சு, எண்ணெய் கொட்டின தரை மாதிரி, சாதாரண ஆள் வழுக்கி வந்த வழியே வெளியே போய்விடுவான். இவன்கள் முதுகில் வால் வைத்திருக்கிறார்கள், உன்னைப் போல. சுழற்றிச் சுழற்றி நீந்தி வந்துவிட்டார்கள். அதற்கும் பின்னால்தான் என் ஜாதிக்காரர்கள், வாசல் காவலர்கள். ஒற்றை வரிசையில் தோளோடு தோள் ஒட்டிக் கைகோத்து நிற்கும் செல்கள், நடுவில் ஊசி நுழையாது. அங்கே நடந்ததைத்தான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எனக்குச் சொன்னாள். உன் வயதுதான் இருக்கும், நான் விடாமல் நச்சரித்ததில் வெறுத்துப்போய், "கிருமி கதவ உடைக்கலங்க, காவல் நிக்கிற செல்லுக்கே ஊசி மாதிரி ஒண்ணக் குத்தி, அதுவே தன்ன அணைச்சு உள்ள இழுத்துக்கற மாதிரி பண்ணிடுச்சு" என்றாள்.

கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தத் திருட்டு எனக்குத் தெரியாதா. டிக்கெட் இல்லாமல் வருகிறவன் முதலாளிக்குச் சொந்தம் என்று சொல்லித் தோளில் கை போடுவான், காதில் ஏதோ ஓதுவான், அடுத்த நிமிஷம் நாமே "வாங்க மாப்பிள்ளை" என்று கட்டிப்பிடித்து பால்கனியில் உட்கார வைத்திருப்போம். இன்னொரு வழியும் இருக்கிறதாம். வெளியே என்ன நடக்கிறது என்று சாம்பிள் எடுத்து உள்ளே இருக்கும் காவல்படைக்குக் காட்டுவதற்கென்றே இன்ஸ்பெக்டர் மாதிரி சில செல்கள் இருக்கின்றன. சில கிருமிகள் அந்த இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலேயே ஏறி உட்கார்ந்து உள்ளே போய்விட்டன. பிறகு உள்ளே அடிதடி, காவலர்கள் கோத்த கை விட்டுப்போய் வரிசையில் ஓட்டை, ஓட்டை வழியே தண்ணீர். மிச்சத்தை நான் எழுதவில்லை, நீ சாப்பிட்டுக்கொண்டே படிப்பவள். கழிவறைக் கதவின் கீல் தேய்ந்து புதிதாக மாற்றினோம் என்று மட்டும் தெரிந்துகொள்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறியதில் தெர்மாமீட்டர் பயந்து நர்ஸின் பாக்கெட்டுக்குத் தானே திரும்பிப் போனது. அண்ணன் கண்ணை மூடியபடி, "தோள் பதினாலு, கை இருபத்திரெண்டு, நீளம் முப்பத்தெட்டு" என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் அதை ரத்த அழுத்தம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டாள், பக்கத்துக் கட்டில்காரர் பரிசுச்சீட்டு எண் என்று நினைத்து மருமகனைக் கடைக்கு ஓடச் சொன்னார். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று அடம். டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டின் தோளைக் காட்டி, "குடிச்சா இத சரி பண்ண ஒத்துக்கறேன்" என்றாள், ஒரு குடம் குடித்தார். மூன்றாம் நாள் வீடு. குடல் வாசல் காவலர்களுக்கு நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் மாற்றுவார்களாம், பழைய ஆள் போய்ப் புது ஆள். எனக்கு முப்பது வருஷமாக ஒரு மாற்று ஆள் கிடையாது, அது வேறு விஷயம். இஸ்திரி மேசையை அண்ணி பறிமுதல் செய்துவிட்டாள். முட்டையை இப்போது கல்லாகும் வரை வேகவைக்கிறாள், நேற்று ஒன்று கீழே விழுந்து தரை ஓடு உடைந்தது.

நீயும் மிஞ்சினதை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடாதே, ஆறியதும் ஃபிரிட்ஜில் வை, எடுத்தால் ஆவி பறக்கச் சூடு பண்ணு, இளஞ்சூடு என்ற சொல்லே நம் வீட்டில் இனி கிடையாது. கை கழுவிவிட்டுச் சாப்பிடு. உன் குடல் வாசலில் என்னைவிடக் கண்டிப்பான ஆட்கள் நின்று நூறு வயது வரை உன்னைக் காக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

மறக்காமல் ஒன்று செய். இதுவரை எழுதியதில் டாக்டரம்மா சொன்னதைக் கழித்துவிட்டால் பாக்கி எல்லாம் என் கைவண்ணம், கழிவறைக் கீலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவு மட்டும் நிஜம். காய்ச்சலில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், யாருடையது என்று அண்ணியைக் கேட்டேன், "வேற யாருது, நீங்க தூக்கி வளத்த கழுதையோடதுதான்" என்றாள். இப்போது எதிரில் உட்கார்ந்து கனமான சாம்பல் நிறக் கம்பளித் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் இருக்கிறார். நீ போனபோது இருந்த தோள்தானா இப்போதும் என்று தெரியவில்லை, உன்னைக் கேட்கவும் மாட்டார். ஆகவே யாரையாவது பின்னால் நின்று டேப் பிடிக்கச் சொல்லி அளவை எழுதி அனுப்பு, நீயே வளைந்து எடுக்காதே, அரை அங்குலம் தப்பினால் பஸ் என் தலைமீது போகும்.

இப்படிக்கு,
கொட்டகை வாசல் காவல் சக்கரவர்த்தி, உன் சித்தப்பன்