டிக்கெட் எடுத்தாச்சா?

அன்பு மகளுக்கு,

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எனக்குப் பொழுது போகிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் நான் போனில் முணுமுணுத்தால்கூட உன் அப்பா காதில் விழும், இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அதுவும் நம் தெருக் கடையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார், அதனால் வர நேரமாகும்.

கண்டக்டர் மாமா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, கொன்றது யார் என்று இன்னும் தெரியவில்லை. போனில் உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். காலையில் பேப்பர் போடுகிறவர்தான் முதலில் பார்த்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது, மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார், பின்மண்டையில் அடி. கடிகாரம் கையிலேயே இருந்தது, பீரோ பூட்டியபடி இருந்தது, வீட்டில் ஒரு பொருள் போகவில்லை. பஸ்ஸில் இருந்தபோதே யாரையும் கடிந்து பேசாத மனுஷன், ரிட்டையர் ஆன பிறகும் நம் தெருக் குழந்தைகள் ரோட்டைக் கடக்கும்போது விசில் ஊதிக் காரை நிறுத்தியவர், அவர்மேல் ஒரு கை எப்படித்தான் ஓங்கியதோ. அன்று இருட்டுகிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. மாமா வழக்கம்போல உள்ளேயிருந்தே, யாரது, டிக்கெட் எடுத்தாச்சா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். யார் தட்டினாலும் அதைத்தானே கேட்பார், வேலை கிடைத்ததைச் சொல்ல நீ ஓடினபோது உன்னையும் கேட்டாரே. என்ன பதில் வந்தது என்று தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை, அதற்குள் மெஷினை மிதித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் பதில் சொன்னது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாமல் போயிற்று என்று இன்னும் அழுகிறார். ஆனால் மாமா கதவைத் திறந்திருக்கிறார், அப்படியென்றால் தெரிந்த ஆள்தான். இந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத ஆள் யார், நீயே சொல். எதிரெதிரே நின்று பேசினவர்கள் இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறோம். பூட்டுக் கடைக்காரருக்குத்தான் யோகம்.

அதே தையல்காரம்மா இன்னொன்றும் சொன்னார், அவரும் பொய் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மாமாவோடு செஸ் ஆடும்போது உன் அப்பா, உன்னைக் கொன்னாத்தான்யா நீ திருந்துவே என்று கத்தினாராம். எந்த ஆட்டத்தில் கத்தவில்லை? இவர் கண்ணாடியைத் துடைக்கிற நேரம் பார்த்து மாமா குதிரையை நகர்த்தி வைப்பார், இவர் குதிப்பார், தெருவே கேட்டுச் சிரிக்கும். சிரித்த அதே வாய்கள்தான் இப்போது இன்ஸ்பெக்டரிடம் அதை ஒப்பித்திருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்தவர் கோபம் தணிய ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்பினார், அந்த நடையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். நம் தெரு முடிவெட்டுகிறவர் கத்தியும் கையுமாக, அன்னைக்கு உண்மையில என்ன சார் நடந்துச்சு என்று கேட்க, இவர் ஒரு கன்னத்தில் சோப்போடு எழுந்து வந்துவிட்டார். வேறு சமயமாக இருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கேட்டுவிட்டாய், அன்னைக்கு எப்பப்பா வீட்டுக்கு வந்தீங்க என்று. கவலையில்தான் கேட்டாய், எனக்குத் தெரியும். அவர் போனை என்னிடம் நீட்டிவிட்டு, அவளும் கேட்டுட்டா என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பாதிச் சோறு தட்டிலேயே நிற்கிறது. உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, நான் செய்தது அதைவிட மோசம். செய்தி தெரிந்த அன்றே அவருடைய முதல்நாள் சட்டையை எடுத்து, கைமடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிமிர்ந்தால் அவர் கதவருகே நிற்கிறார். மறுநாளிலிருந்து தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார்.

பிறகு ஒருநாள் காய் நறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா உன் அப்பாவை ஒருநாளும் டிக்கெட் கேட்டதில்லையே. இவர் அந்த முன்கதவைத் தட்டினால்தானே கேட்க, எப்போதும் பின்பக்கம் சமையலறை வழியாக, ஸ்டாஃப் என்று குரல் கொடுத்துக்கொண்டே நேராக உள்ளே போகிறவர். பஸ்ஸில் கூட வேலை செய்கிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா, அந்தச் சலுகையை மாமாவே இவருக்குக் கொடுத்திருந்தார். அப்படியிருக்க, அன்று தட்டினது இவராக எப்படி இருக்க முடியும்? மூச்சிரைக்க ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரம்மா சொல்றதை வெச்சு என்னம்மா பண்றது என்றார் இன்ஸ்பெக்டர். உன் அப்பாவிடம் சொன்னேன், சட்டையைப் பாக்கறதுக்கு முன்னாடி இது தோணலையா என்றார்.

இப்போது நம் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவரே போய் நின்று, யாரது, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்கிறார், அச்சு அசல் மாமா மாதிரியே. பதில் வருகிற விதத்தில் ஆளைப் பிடித்துவிடலாம் என்று எண்ணம். ஆனால் அதைக் கேட்டால் எல்லாருமேதான் தடுமாறிப் போகிறார்கள். நேற்று யாரோ தட்டினார்கள், இவர் கேட்டதும் பேச்சே இல்லை, காலடிச் சத்தம் மட்டும் மெல்ல விலகிப் போனது. ஜன்னலைத் திறப்பதற்குள் தெருவில் ஒருவரையும் காணோம். வீடு மாறி வந்தவராக இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், ஆனாலும் அவர் போய்த் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நீ லீவில் வருவதானால் குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நீ மட்டும் வா, பகல் வெளிச்சத்தில் வந்து சேர்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனை அவர்தான் எடுப்பார், போனிலும் இப்போது டிக்கெட் எடுத்தாச்சா என்றுதான் கேட்கிறார். பயப்படாதே, அழுதுவிடாதே, அன்றைக்குக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்காதே. ஸ்டாஃப் என்று சொல், போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா