‘வரும்’ என்று சொன்ன இடம்

மார்ச் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. என் இடுப்பு ஆபரேஷனுக்கு அங்கே நம் ஊரிலேயே ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தாய். இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தால் ரெண்டு வருஷமாவது ஆகுமாம். அதுவரை தேய்ப்பு மேஜையில் நிற்க என் கால் சம்மதிக்காது. சட்டைக் கம்பெனியில் உட்கார்ந்து தேய்க்க விடுவார்களா? அதனால் வருகிறேன். பயந்து மூலையில் முடங்க மாட்டேன்.

ஆனால் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லையே. உன் அத்தானைச் சேர்த்த இடம்தானா? அவருக்கு முதுகு ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆஸ்பத்திரிக் கிருமி புண்ணுக்குள் புகுந்துதான் ஆளைக் கொண்டுபோனது. தையல் காயுமுன் விமானம் ஏற்றிவிட்டார்கள். இங்கே எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. அவர் சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. எடுக்கக் கை வரவில்லை.

நீ நேரில் போய் ஒன்று மட்டும் கேள். “இங்க ஆபரேஷன் பண்ணவங்கள்ல எத்தனை பேருக்குப் புண்ணுல கிருமி வந்துச்சு?” சொன்னதை அப்படியே எழுது.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அதே இடம்தான். பழகிய இடமாயிற்றே என்று நினைத்தேன். நீ சொன்னபடி கேட்டேன். கடைக்காரனிடம் ‘தராசு சரியா’ என்று கேட்டதுபோல முறைத்தார்கள். பிறகு வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். “யாருக்கும் வந்ததே இல்ல சார். தரையைப் பாருங்க, முகம் தெரியும்!” என்றாள். தெரிந்தது.

இன்னும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது அக்கா. தேதி வாங்கிவிடட்டுமா?

சின்னவன்

ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

யாருக்கும் வந்ததே இல்லையா? அப்படியென்றால் உன் அத்தான் யார்? ஆள் கணக்கிலேயே சேர்த்தி இல்லையா?

தரையில் முகம் தெரிந்து எனக்கென்ன? நான் தரையிலா படுக்கப் போகிறேன்?

வேறு இடங்களில் கேள். கூச்சமாக இருந்தால், ‘அக்கா படிக்காதவ, நச்சரிக்கிறா’ என்று பழியை என் மேல் போடு. ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு என் பெயரைச் சொன்னவன்தானே நீ. உனக்கா தெரியாது?

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் ரெண்டு இடம் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மற்ற இடத்தில், கிருமி விஷயத்தையே பார்க்கிற நர்ஸம்மா உட்காரவைத்துப் பேசினார். “வரும். நாங்க எவ்வளவு பாத்தாலும் சிலருக்கு வரும். போன வருஷம் ரெண்டு பேருக்கு வந்துச்சு. ஒருத்தர் மருந்துலயே தேறிட்டார். இன்னொருத்தருக்குத் திரும்பத் திறக்க வேண்டியதாப் போச்சு” என்றார். உனக்குச் சர்க்கரை உண்டா, உடம்பில் எங்காவது புண் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். புண் ஆறாமல் விமானம் ஏற விடமாட்டார்களாம்.

கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். இந்த இடம் வேண்டாம். அத்தானை அந்தப் பளபளப்புத் தரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் நான். உனக்கும் ஒன்று ஆனால் யார் முகத்தில் விழிப்பேன்?

சின்னவன்

மே 1

அன்புள்ள சின்னவனுக்கு,

அந்த நர்ஸம்மா இருக்கிற இடத்திலேயே தேதி வாங்கு. வந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள்தான் வராமல் பார்த்துக்கொள்வார்கள். வந்தாலும் மூடி மறைக்காமல் வைத்தியம் பார்ப்பார்கள். சர்க்கரை எனக்கு இல்லை. முழங்கையில் தேய்ப்புப் பெட்டி சுட்ட புண் ஆறிவிட்டது என்று சொல்.

நீ அத்தானைத் தோளில் தாங்கித்தான் கூட்டிப்போனாய். குழியில் தள்ளவா போனாய்? இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

இன்று அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் துவைத்துத் தேய்த்தேன். காலர் இன்னும் நன்றாக நிற்கிறது. பயணப் பெட்டியில் வைத்துவிட்டேன். என்னோடு வருகிறது.

ஆபரேஷன் முடிந்ததும் நீ என் கட்டில் பக்கம் நிற்க வேண்டும். என்னைத் தொட யார் வந்தாலும், பெரிய டாக்டரானாலும் சரி, “கை கழுவிட்டீங்களா?” என்று கேட்க வேண்டும். கூச்சத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா.

என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுவாய், தெரியும். அழுதுகொள். முதலில் கையைக் கழுவு.

உன் அக்கா