பதினைந்து லிட்டர் வாளி, நாற்பத்தைந்து நொடி

ஆகஸ்ட் 19, சனி

(அச்சில் ஞாயிறு என்று இருக்கிறது. நம் பிரஸ்ஸில் அடித்த அடுத்த வருஷத்து டைரி, பைண்டிங் கோணல் என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி திருப்பியது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் போதும். தாள் நல்ல தாள்.)

கொளுத்தும் வெயில். பிரஸ்ஸில் தாள் ஓரமெல்லாம் சுருள்கிறது.

செய்ய வேண்டியது: அச்சுப் பிளேட் வாங்க மதுரைக்கு ஆள். தூத்துக்குடி லாரிக்காரரிடம் கடல் தண்ணீர், நாலு கேன். புது மோட்டார்.

மோட்டார் மாட்டியாயிற்று. ஆபீஸ் ரூம் கண்ணாடித் தொட்டி முந்நூறு லிட்டர். உள்ளே கடல் பாறை, கோமாளி மீன் ஒரு ஜோடி, மெத்துப் பவளம் ஒன்று. பவளம் விரல் விரலாக நீட்டி விரிய வேண்டும். இரண்டு வாரமாகப் பாதிதான் விரிகிறது. சென்னைக் கடைக்காரர் போனில் சொன்னது: தொட்டித் தண்ணீர் மணிக்குப் பத்துத் தடவை கீழே வடிகட்டித் தொட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டும். 300 x 10 = 3000. மோட்டார் பெட்டியிலும் 3000. வேகமாகச் சுற்றினால் சுத்தம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

சாயங்காலம் பொன்ராஜ் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷமாக நம் ஆப்செட் மெசினை ஓட்டுகிறவர். இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறாராம். வேறு பிரஸ்ஸில் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

காலண்டர் சீசன் தலைக்கு மேல். இவர் போனால் மெசினுக்கு ஆள் இல்லை. ஏன் போகிறார் என்று எனக்குத் தெரியும். எழுத மனசில்லை.

21, திங்கள்

பவளம் சுத்தமாக மூடிக்கொண்டது. தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி, சோடாவைத் திறந்த மாதிரி. மீன் இரண்டும் பாறைக்குப் பின்னால்.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. மோட்டார் நின்றதும் மேலே இருந்த தண்ணீர் வந்த குழாய் வழியாகவே கீழே இறங்கி, கீழ்த்தொட்டி நிறைந்து வழிந்து, ஆபீஸ் தரை முழுக்கக் கடல். ஓரத்தில் அடுக்கியிருந்த ஆர்ட் பேப்பர் இரண்டு ரீம் காலி.

மாடியிலிருந்து ஜெய்த்தூன் சாக்கோடு இறங்கி வந்தாள். என்னைத் திட்டவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி தண்ணி தரைக்கு வந்துச்சு, இந்த மீனைக் கொழம்பு வச்சிருவேன் மச்சான்." பெண்டாட்டி இப்படி மெதுவாகப் பேசினால்தான் பயம்.

நனைந்த பேப்பரைத் தூக்க வந்த பொன்ராஜ் தொட்டி முன்னால் நின்றார். எம்புட்டு ஓடுதுன்னு அளந்து பார்த்தீகளா என்றார். பெட்டியில் போட்டிருக்கிறதே என்றேன்.

"பெட்டியா ஓடுது மொதலாளி?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேள்வி. ஆனால் கேலி இல்லை முகத்தில்.

22, செவ்வாய்

தலைவலி. மதுரையிலிருந்து பிளேட் வந்தது, ஒன்று கீறல்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பொன்ராஜ் பிளேட் கழுவுகிற வாளியோடு வந்தார். பதினைந்து லிட்டர் வாளி. மேலே ஏறும் குழாயின் வாயை வாளிக்குள் திருப்பி, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். முப்பது நொடியில் நிறைந்தது. கணக்குப் போட்டேன். மணிக்கு 1800. பெட்டி சொன்னது 3000!

ஆள் உயரம் ஏற்ற வேண்டியிருக்கிறதே, மோட்டாருக்கும் மூச்சு வாங்கும் என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. கோணி மூட்டையோடு மாடிப்படி ஏறியவனுக்கெல்லாம் தெரிகிற விஷயம்.

இன்னும் பெரிய மோட்டார் வாங்கவா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆப்செட்டில் மை உருளை ஒரு பக்கம், தண்ணீர் உருளை ஒரு பக்கம். தண்ணீர் கூடினால் மை வெளுக்கும், குறைந்தால் வெள்ளை இடத்தில் அழுக்குப் பிடிக்கும். "ரெண்டையும் ஒண்ணா முடுக்கக் கூடாது மொதலாளி. இங்கனயும் அப்படித்தான். வடிகட்டிக்குப் போறது மெதுவாப் போகட்டும், அழுக்கு தங்கட்டும். உள்ளுக்குள்ள அலை மட்டும் வேகமா அடிக்கட்டும்."

இந்த மனுஷன் கடலே பார்த்ததில்லை. வெம்பக்கோட்டை அணைதான் அவர் பார்த்த பெரிய தண்ணீர்.

24, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

மூன்று வேலை முடிந்தது.
1. மேலே ஏறும் குழாயில் வால்வு. பொன்ராஜ் அதை இம்மி இம்மியாக மூடினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து. மை உருளைச் சத்தத்தை அப்படித்தான் கேட்பார். போதும் என்றதும் வாளி வைத்தேன். நாற்பத்தைந்து நொடி. மணிக்கு 1200, நாலு தடவை. காதாலேயே!
2. உள்ளே அலை அடிக்க இரண்டு சின்ன மோட்டார், மணிக்கு இருபது தடவை தண்ணீர் புரளும். வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தார். பவளத்தின் மூஞ்சியில் அடித்தால் எப்படி விரியும் என்று கேட்டார்.
3. குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தீக்குச்சி கனத்தில் ஓர் ஓட்டை. கரண்ட் போய்த் தண்ணீர் இறங்கினால் ஓட்டை வெளியே வந்து காற்று புகும், இறங்குவது நின்றுவிடும்.

சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். கீழ்த்தொட்டி ஏறியது, ஏறியது, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. ஜெய்த்தூன் சாக்கோடு பக்கத்திலேயே நின்றாள். ஒரு சொட்டு இல்லை.

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை. மொதலாளி கௌரவம். கருமம்.

26, சனி

விரிந்துவிட்டது! காலை ஒன்பது மணிக்கு. எண்ணினேன், முப்பத்தொரு விரல், அலைக்கு அலை அசைகிறது. மீன் இரண்டும் முன்னால் வந்து கண்ணாடியை முட்டுகின்றன. இம்புட்டு அழகை இத்தனை நாள் நானேதான் அடித்து மூட வைத்திருக்கிறேன்.

ஜெய்த்தூன் நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பொன்ராஜ் வீட்டுக்கு ஒரு தூக்கு பிரியாணி கொடுத்து அனுப்பினாள். பிறகு கேட்டாள்: "இப்படிப்பட்ட மனுசர் ஏன் போறாக? நீங்க என்ன செஞ்சீக?"

வேறு பிரஸ் என்றேன். நம்பவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். ஜூனில் ஜவுளிக்கடை காலண்டர். அவசர ஆர்டர். பொன்ராஜ் சாப்பிடப் போயிருந்தார். மெசின் வேகத்தைக் கூட்டியது நான். தண்ணீர் உருளையைத் தொடவில்லை, தொடத் தெரியாது. படத்தின் வெள்ளையெல்லாம் மங்கல். பார்ட்டி வந்து, யாருய்யா மெசினைப் பார்த்தது என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மெசின்மேன் அசட்டையாக விட்டுவிட்டான் என்றேன். "விட்டுட்டான்" என்றே சொன்னேன். பொன்ராஜ் குனிந்து துணியை எடுத்தார். மெசினைக் கழுவ ஆரம்பித்தார்.

29, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று மெசின் பக்கம் போனேன். மஞ்சள் மை எத்தனை டப்பா இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வெட்கம்.

புது ஆள் ஒருவர் வந்து பார்த்தார். மெசினைப் பார்த்ததும் முதலில் கேட்டது, எவ்வளவு வேகம் போகும் என்று. அனுப்பிவிட்டேன்.

31, வியாழன்

வெயில். காலையில் வால்வைக் கால் சுற்றுத் திறந்தேன். நாளையிலிருந்து நான்தானே பார்க்க வேண்டும், கை பழகட்டும் என்று. ஒன்றும் ஆகவில்லை, என் கண்ணுக்கு.

ஐந்து மணிக்குப் பொன்ராஜ் சொல்லிக்கொள்ள வந்தார். மெசின் பக்கத்து ஆணியில் பன்னிரண்டு வருஷம் தொங்கிய பை, தோளில். பின்னால் பைண்டிங் ஆட்கள், எல்லாரும். வாசல்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். தொட்டியைப் பார்க்கக்கூட இல்லை.

"வால்வை யாரு தொட்டது?"

பைண்டிங் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜூனிலும் இப்படித்தான் நின்றார்கள்.

"நான்தான்" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "ஜூன்லயும் நான்தான். நீங்க சாப்பிடப் போனப்ப வேகத்தைக் கூட்டுனது நான். பழிய உங்க மேல போட்டதும் நான்."

பொன்ராஜ் குனிந்து வால்வைக் கால் சுற்று மூடினார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

"தெரியும் மொதலாளி. அன்னைக்குச் சோத்துல கை வச்சிருந்தேன், சத்தம் மாறுச்சு."

எழுந்து மெசின் பக்கம் போனார். பையை ஆணியில் மாட்டினார். மஞ்சள் மை நாளை மத்தியானத்துக்கு மேல் தாங்காது, இப்போதே ஆள் அனுப்புங்கள் என்றார்.