தொப்புளில் வைத்த விளக்கெண்ணெய்

மார்ச் 10, திங்கள்

காலை ரயில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பதினோரு சொல் கிடைத்துவிட்டது. பள்ளி ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் கட்டுரை கேட்டிருக்கிறார். தமிழாசிரியர் நான் ஒருவன்தான், வேறு யார் தலையில் கட்டுவார்? தலைப்பு: 'பேச்சு வழக்கில் சூடும் குளிரும்'.

'குளிர் விட்டுப்போச்சு' என்றால் பயம் விட்டுப்போச்சு. குளிரிலும் உடம்பு நடுங்குகிறது, பயத்திலும் நடுங்குகிறது. அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அடுத்தவர் சண்டையில் குளிர் காய்பவர்களுக்கு எங்கள் ஆசிரியர் அறையிலேயே உதாரணம் உண்டு. பெயர் எழுத முடியாது.

வீட்டில் கலையரசிக்கு வாசித்துக் காட்டினேன். "பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கேன். இதயும் எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டேன். என் மனைவி வாய் திறந்தால் கட்டுரைக்கு ஒரு வரி.

மார்ச் 12, புதன்

கலைக்குத் தொப்புளைச் சுற்றி வலி. நேற்று முழுக்கக் கெடார் கிராமத்தில் அவள் தம்பி ரஞ்சித் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிவிட்டு வந்தாள். "சூடு பிடிச்சிக்கிச்சு" என்றேன். 'சூடு' என்பது, வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், ஒதுங்க மறைவில்லாமல் அடக்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் தங்கள் வயிற்று வலிக்கு வைத்த பெயர் என்று எனக்குப் பட்டது. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆற வைத்துக் கால் கட்டைவிரலில் தடவினேன். நோய் எது, மருந்து எது என்று 'சூடு' என்ற ஒரே சொல் சொல்லிவிடுகிறது என ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பக்கம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்களா?" என்று கேட்டாள்.

"சூட்டுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?"

மார்ச் 13, வியாழன்

வாந்தி. வலி வலது பக்கம் இறங்கிவிட்டது என்கிறாள். சூடு இறங்குகிறது என்றேன். ஊறவைத்த வெந்தயமும் மோரும் கொடுத்தேன்.

மார்ச் 14, வெள்ளி, ரயிலில்

"வலி சுத்தமா விட்டுடுச்சுங்க" என்றாள் காலையில். சொன்னேனா இல்லையா! கடைசிப் பத்தியை இப்போதுதான் முடித்தேன்.

மார்ச் 15, சனி

எழுதவே கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று மூன்றாவது பீரியடில் ரஞ்சித் போன் செய்தான். "மாமா, அக்காவப் பாக்க வூட்டுக்கு வந்தேன், தோட்டத்துல உழுந்து கெடக்குது. ஒடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன், ஜல்தி வாங்க."

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன், இருக்கை காலியாக இருந்தும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "குடல்வால் வெடிச்சிருக்கு. சீழ் வயிறு பூரா பரவியிருக்கு. ஒடனே ஆபரேஷன்" என்றார்.

"காலையில வலி இல்லன்னாளே, டாக்டர்?"

"வெடிச்சதாலதான் சார் வலி விட்டிருக்கு."

வெடிச்சதால. நான் ரயிலில் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் வயிற்றுக்குள்—

நர்ஸ் பஞ்சால் அவள் தொப்புளைத் துடைத்தார். ஒரு பஞ்சு போதவில்லை. "யாரு இவ்ளோ எண்ணெய் வச்சது?" ரஞ்சித் என்னைப் பார்த்தான். என்னை நானே கேட்டுக்கொண்டேன்: மூணு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே? கட்டுரை எழுதிக்கினு இருந்தேன். அவ ஆஸ்பத்திரின்னு கேட்டாளே. கேட்டாளேடா, பாவி.

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "தப்பிச்சிட்டாங்க. இன்னும் அர நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது." வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அடுத்த நொடியே, இதையும் கட்டுரையில் சேர்க்கலாம் என்று மனசு ஓடியது. சீ! என்ன பிறவி நான்?

மார்ச் 16, ஞாயிறு

கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். இன்னும் கொடுக்கக் கூடாதாம்.

மார்ச் 26, புதன்

முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று தலைமையாசிரியர் கட்டுரை கேட்டார். இல்லை என்றேன். "சூடு பறக்க எழுதிக்கினு இருந்தீங்களே சார்?" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றி வலி. வாந்தி. வலது பக்கம். எல்லாவற்றையும் நானே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்திருந்தால்கூட டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் வாயை அடைத்திருக்கிறேன். அவளும் வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று படுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் கலை நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தல வலிக்குதுங்க."

வெயில் சூடு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எந்தப் பக்கம் வலிக்குது? எப்பலேர்ந்து?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளை நான் இப்படிக் கேட்டதில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மேஜை மேல் இருந்த இந்த நோட்டைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க? கட்டுரைக்குங்களா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"இல்ல, கலை. உனக்காகத்தான்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்று சொல்லத் தொடங்கினாள். தலைவலியோடு நிற்கவில்லை, இன்னும் நிறையச் சொன்னாள். அவள் சொன்ன எதையும் இங்கே எழுதவில்லை.